தொப்பியின் ‘தொம்’ கேட்கவில்லையா? டிஏசியை மாற்றும் முன்

செங்கோட்டையில் என் அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஆரியங்காவு, அச்சன்கோவில் திருவிழாக்களுக்கு மலையேறிப் போய்க் குழாய் கட்டுவார். ஒலியில் குறை தெரிந்தால் ஸ்பீக்கரில் தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கணினி தரும் எண்களை ஒலியலையாக மாற்றும் டிஏசிக்கும் அதுவே பொருந்தும். ஒழுங்காகச் செய்த டிஏசி அடி ஒலியை 20 ஹெர்ட்ஸ் வரை குறையாமல் தரும். அடி ஒலியின் கனம் தொலைவது பெரும்பாலும் டிஏசிக்கு அப்பால்தான்.

சோதிக்க இரண்டு பதிவுகள் போதும். ஒன்று மிருதங்கத் தனி. ரவைப் பசை அப்பிய இடப்பக்கமான தொப்பியின் நடுவிலிருந்து ‘தொம்’ என்று எழ வேண்டும். இன்னொன்று செண்டை மேளம். மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மேல்ஸ்தாயி. மலைக்கு அந்தப் பக்கம் செண்டையில் வலந்தலைதான் கனமான பக்கம். அது நெஞ்சில் அதிர வேண்டும்.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் இரு வயர்களை மட்டும் இடம் மாற்றிக் கேளுங்கள். எந்த இணைப்பில் தொப்பி நிறைந்து ஒலிக்கிறதோ அதுவே சரி. கணினியில் ஒலியளவை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள். ஈக்வலைசரில் அடி ஒலியை 4 டெசிபல் ஏற்றினால், மொத்த அளவையும் 4 டெசிபல் இறக்குங்கள். இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

பிறகு டிஏசியின் வெளியீட்டு கெப்பாசிட்டர். நேர்மின்சாரத்தைத் தடுக்கும் இது, மிகச் சிறியதாக இருந்தால் அடி ஒலியையும் குறைத்துவிடும். எல்லாப் பெட்டியிலும் இது இருக்காது. என்னுடையதைத் திறந்தபோது பட்டாணி அளவில் 0.47 மைக்ரோஃபாரட் இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம். 159-ஐ இந்த இரண்டின் பெருக்கலால் வகுத்தால், அடி ஒலி தேயத் தொடங்கும் எல்லை 34 ஹெர்ட்ஸ். அங்கே மின்னழுத்தம் 70 சதவீதமாகக் குறைந்துவிடும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் தேய்ந்தது. 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன். கட்டைவிரல் பருமன் என்பதால் படுக்கவைத்துத்தான் மூட முடிந்தது. எல்லை 3.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு நேராக வயர் போடாதீர்கள். நேர்மின்சாரம் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்தால் ஸ்பீக்கர்வரை பாதிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் என் ஊஞ்சலில் உட்கார்ந்தால் கனம் இல்லை. காரணம் அறை. 12 அடி நீளம், அதாவது 3.66 மீட்டர். இந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸில் நிலையலை, அதாவது சுவர்களுக்கிடையே நகராமல் நிற்கும் அலை, உண்டாகி, அறையின் நடுவில் ஒலி அடங்கிப்போகும். எங்கள் ஊஞ்சல் தொங்குவது சரியாக அங்கேதான். பின்சுவரிலிருந்து நாலரை அடியில் நாற்காலி போட்டேன். கெப்பாசிட்டர் தந்ததைவிடப் பெரிய மாற்றம் இதில் கிடைத்தது, ஒரு பைசாச் செலவில்லாமல். ஸ்பீக்கர் சுவரைவிட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸை அழிக்கும். அரை அடிக்கு நெருக்கிப் பாருங்கள். பின்னால் துளை உள்ள ஸ்பீக்கருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

நாற்காலியை அரையடி அரையடியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே தனியாவர்த்தனத்தைக் கேளுங்கள். நல்ல இடம் கிடைத்ததும் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். வீடு பெருக்கும்போது நகர்ந்துவிடும்.