செஸ்ஸில் எஞ்சின் பார்த்து ஆடினாரா? ரீகன் வழியில் சரிபார்ப்பது எப்படி

ஒரு செஸ் வீரர் எஞ்சினை (செஸ் ஆடும் கணினி நிரல்) பார்த்து ஏமாற்றினார் என்று சொல்லி, "95 சதவீதம் கம்ப்யூட்டர் நகர்த்தல்" என்று யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் உடனே நம்பிவிட வேண்டாம். ஒரே ஆட்டம், அதுவும் சந்தேகப்பட்ட பிறகு பொறுக்கியெடுத்தது என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

1977இல் அமெரிக்க ஜூனியர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட கென்னத் ரீகன், பின்னாளில் பஃபலோ பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் ஆனார். 2006இல் எலிஸ்டாவில் நடந்த உலகச் செஸ் பட்டப் போட்டியில் கிராம்னிக்கின் நகர்த்தல்கள் ஃபிரிட்ஸ் என்ற எஞ்சினோடு ஒத்துப்போவதாக, எதிர்த்து ஆடிய டோபலோவ் தரப்பு கிளப்பிய புகார்தான் அவரை இந்த ஆய்வுக்கு இழுத்தது. அவருடைய முறையை கிளப் அளவுக்குச் சுருக்கினால் இப்படி வரும்.

போட்டியில் சந்தேகத்துக்குள்ளானவர் ஆடிய எல்லா ஆட்டங்களையும் எடுங்கள், தோற்றவை உட்பட. முதல் 8 நகர்த்தல்களை விடுங்கள், அது மனப்பாடம். எஞ்சின் கணக்கில் ஒரு பக்கம் 3 சிப்பாய் மதிப்புக்கு மேல் முன்னிலை பெற்ற நிலைகளும், திரும்பத் திரும்ப வரும் நிலைகளும் வேண்டாம்.

அடுத்தது கட்டாய நகர்த்தல்கள். ராணியை வெட்டினால் திருப்பி வெட்டத்தான் வேண்டும். அதில் எஞ்சினோடு ஒத்துப்போவது பெரிய விஷயமில்லை. ரீகனின் மாதிரி இவற்றைத் தள்ளாமல், ஒவ்வொரு நிலைக்கும் தனி நிகழ்தகவு போடுகிறது. நம்மிடம் அது இல்லை. ஆகவே ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் சிறந்த இரண்டு நகர்த்தல்களையும் காட்டச் சொல்லி, இரண்டாவது நகர்த்தல் 2 சிப்பாய் மதிப்புக்கு மேல் மோசமென்றால் அந்த நிலையை நீக்கிவிடுங்கள். நல்ல தியாகம் ஒன்றிரண்டு சேர்ந்து போகும், பரவாயில்லை.

இனி ஒப்பீடு. அதே போட்டியில் அதே ரேட்டிங் உள்ள மற்றவர்களையும் அதே எஞ்சின், அதே டெப்த்தில் (எஞ்சின் எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்ற அளவு) ஓட்டி, எஞ்சினின் முதல் தேர்வோடு ஒத்துப்போகும் சதவீதத்தின் சராசரி எடுங்கள். டெப்த் மாறினால் கணக்கே மாறும்.

உதாரணமாக, மிஞ்சியது 144 நிலைகள், மற்றவர்களின் சராசரி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 72. திட்ட விலக்கம் (தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு), 144 × 0.5 × 0.5 இன் வர்க்கமூலம், அதாவது 6. அவர் 87 முறை ஒத்துப்போயிருந்தால் வித்தியாசம் 15, 15 ÷ 6 = 2.5. அதாவது எதிர்பார்ப்பைவிட 2.5 திட்ட விலக்கம் அதிகம்.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் தற்செயலாகவே சுமார் 160 பேரில் ஒருவருக்கு இது வரும். பெரிய ஓபன் போட்டியில் யாரோ ஒருவர் இப்படித்தான் நிற்பார். 5 என்றால் 35 லட்சத்தில் ஒன்று, அது வேறு கதை.

2.5 வந்தவரைப் பெயர் சொல்லிப் பேசாதீர்கள். நடுவரிடம் மட்டும் தெரிவித்துவிட்டு, அடுத்த போட்டியின் ஆட்டங்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். பழையதோடு கலக்கக் கூடாது. சந்தேகத்தைக் கிளப்பிய ஆட்டங்களே அதில்தான் இருக்கின்றன.