ஒரு ஜீனுக்கு இரண்டு காலனி

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈ.கோலை கே-12 பாக்டீரியாவில் 3,985 ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கி, 2006இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். 303 ஜீன்களை நீக்க முடியவில்லை. ஒவ்வொரு ஜீனுக்கும் தனித்தனியாகக் கிடைத்த இரண்டு மியூட்டன்ட்களை, அதாவது அந்த ஜீன் நீங்கிய பாக்டீரியாக்களை, வைத்தார்கள். அதே முறையில் நான் 24 ஜீன்களுக்குச் செய்தபோதுதான் அந்த இரண்டின் அருமை புரிந்தது.

நீக்கும் ஜீனின் இடத்தில் கனமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் ஜீனைப் புகுத்துவதுதான் முறை. முதலில் பிரைமர், அதாவது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு. முன்பகுதியில் 50 எழுத்துகள், ஜீனின் ஓரத்தை அப்படியே ஒத்திருக்கட்டும். பின்பகுதியில் 20 எழுத்துகள், கனமைசின் எதிர்ப்பு ஜீனைப் பிசிஆரில் பெருக்குவதற்கு. நீக்கும் ஜீனை முழுதாக வழித்தெடுக்காதீர்கள். தொடக்கக் கோடானையும் (புரதம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துகள்) கடைசி 21 எழுத்துகளையும் விட்டுவையுங்கள். அடுத்த ஜீனுக்குப் புரதம் செய்யும் ரைபோசோம் வந்து உட்காரும் இடம் பல சமயம் இந்த வாலில்தான் இருக்கிறது. பிசிஆர் முடிந்ததும் டிபிஎன்1 நொதி போட்டு, வார்ப்பாக வைத்த பிளாஸ்மிடை (வட்ட வடிவச் சிறு டிஎன்ஏவை) வெட்டிவிடுங்கள்.

அப்புறம் செல். பிகேடி46 பிளாஸ்மிட் உள்ள செல்களை 30 டிகிரியிலேயே வளர்க்க வேண்டும். சூடு ஏறினால் பிளாஸ்மிட் போய்விடும். அரபினோஸ் சர்க்கரை சேர்த்தால், புதிய டிஎன்ஏவைக் குரோமோசோமில் சேர்க்கும் லாம்டா ரெட் புரதங்கள் உருவாகும். ஓடி (செல்கள் பெருகியதைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் ஐஸில் வைத்து, 10% கிளிசராலில் மூன்று முறை கழுவுங்கள். உப்பு மிஞ்சினால் எலெக்ட்ரோபொரேஷனில், அதாவது மின் ஷாக் கொடுத்து டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தும்போது, 'டப்' என்று வெடிக்கும், அந்த செல்கள் அவ்வளவுதான். எனக்கு முதல் வாரத்தில் மூன்று க்யூவெட் (ஷாக் கொடுக்கும் சிறு குப்பி) போயின. நான்காம் முறையும் கழுவத் தொடங்கிய பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஷாக் கொடுத்த கையோடு 1 மில்லி எஸ்ஓசி ஊட்டக் கரைசல் ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் தேறவிட்டு, கனமைசின் தட்டில் பரப்புங்கள்.

காலனி (ஒரு செல்லிலிருந்து பெருகிய புள்ளி) வந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். கனமைசின் ஜீன் குரோமோசோமோடு சேரும் இடது இணைப்பு, வலது இணைப்பு, நீக்கிய ஜீனின் உட்பகுதி என்று மூன்று பிசிஆர் போடுங்கள். பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒரு காலனியில் இரண்டு இணைப்பும் கச்சிதமாக வந்தன. ஆனால் பிசிஆர் விளைவைப் பார்க்கும் ஜெல்லின் மூன்றாம் குழியில், இருக்கவே கூடாத பட்டை பளிச்சென்று தெரிந்தது. குரோமோசோமில் அந்தப் பகுதி ஏற்கனவே இரட்டித்திருந்த செல் அது. ஒரு பிரதியில் கனமைசின் ஏறியிருந்தது, மற்றதில் ஜீன் பத்திரமாக இருந்தது. கெயோ தொகுப்பிலும் பின்னர் சரிபார்த்தபோது இப்படிச் சில அகப்பட்டன.

சரியானவற்றை 15% கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். இரண்டு காலனிகளும் வேறு வேறு 96 குழித் தட்டுகளில் இருக்கட்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழியைக் காலியாக விடுங்கள், தட்டுக்குத் தட்டு வேறு இடத்தில். நகலெடுக்கும்போது தட்டு திரும்பியிருந்தால் அந்தக் காலிக் குழியே காட்டிக்கொடுத்துவிடும்.