பழைய நிலக்கரி ஊரில் வீடு வாங்குமுன் நிலத்தடியைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் பழைய சுரங்க ஊர்களில் வீடு பார்ப்பவர்கள், ஊர்ப் பெயரோடு ஒட்டிய பெரிய சுரங்கத்தைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். பயம் இருக்க வேண்டிய இடம் வேறு. டர்ஹம் கடற்கரையில் ஈசிங்டன் கோலியரி 1993இல் மூடியது. அது கடலுக்கடியிலும் வெட்டிய ஆழ்சுரங்கம். அப்படிப்பட்ட சுரங்கத்தால் இறங்கும் நிலம், வெட்டுவது நின்ற சில ஆண்டுகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். மேற்கு டர்ஹம், டர்பிஷையர் பக்கம் நிலக்கரி தரைக்கே வந்து எட்டிப் பார்க்கும். அங்கே 30 மீட்டர் ஆழத்துக்குள், கூரையைத் தாங்க நிலக்கரித் தூண் விட்டுத் தோண்டிய குடைவுகள் நூறு ஆண்டு கழித்தும் சரியலாம். கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை ஒப்படைக்கச் சொன்ன சட்டமே 1872இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பலவற்றுக்குக் காகிதமே கிடையாது.

முதல் வேலை, பழைய சுரங்கங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான மைனிங் ரெமெடியேஷன் அத்தாரிட்டியின் (2024 நவம்பர் வரை கோல் அத்தாரிட்டி) இணைய வரைபடத்தில் தெருவைத் தேடுவது. இலவசம்தான். பதிவான குழிவாய்களும் (சுரங்கத்துக்குள் இறங்கும் வாய்கள்) ஆழமற்ற குடைவுகளும் தெரியும்.

வீடு பிடித்துவிட்டால் சொலிசிட்டர் (சொத்து வாங்குவதைக் கவனிக்கும் வழக்கறிஞர்) மூலம் கான்29எம் எனும் நிலக்கரிச் சுரங்க அறிக்கையை வாங்குங்கள். எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் குழிவாய் உண்டா என்ற பகுதியை முதலில் படியுங்கள். இருந்தால், எப்படி அடைத்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் குறுக்கே மரக்கட்டை போட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடியதும் உண்டு. கட்டை உளுத்தால் திடீரென்று பள்ளம்தான். அடுத்து இழப்பீட்டுப் பகுதி. முந்தைய உரிமையாளர் பழுதுபார்க்காமல் பணமாக வாங்கியிருந்தால், அதே சேதத்துக்கு மறுபடி கேட்க முடியாது. வாயு பற்றிய வரியையும் தாண்டிப் போகாதீர்கள்: டர்பிஷையரின் ஆர்க்ரைட் டவுனில் 1988இல் மீத்தேன் கசிந்து, கடைசியில் ஊரையே சாலைக்கு எதிர்ப்புறம் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

நேரில் போகும்போது எதிர்ச்சாரியில் நின்று, வரிசை வீடுகளின் கூரை விளிம்பு ஒரே மட்டமாக ஓடுகிறதா பாருங்கள். செங்கல் இணைப்பு வழியே படிபோல ஏறும் விரிசல் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். களிமண் சுருங்கினாலும் சாக்கடைக் குழாய் உடைந்தாலும் இதே விரிசல் வரும்; அவற்றுக்கு, சுரங்கத்தால் நிலம் இறங்கிய சேதத்துக்கான 1991 சட்டப்படி இழப்பீடு இல்லை. சுரங்கச் சேதமென்றால், கண்ணில் பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் எழுத்தில் கேட்டாக வேண்டும்.

பின்னாளில் தரைவெப்ப ஹீட் பம்புக்குத் துளை போட நினைத்தால், அது நிலக்கரிப் படுகையைத் துளைக்குமானால் அத்தாரிட்டியின் அனுமதி முதலில்.