சீமைக் கருவேலத்தை நம்பி எரிபொருள் தொழில்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர், கமுதி வழியாக அருப்புக்கோட்டைக்குப் போகிறவர் கண்ணில் சாலையின் இருபுறமும் படுவது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான். தொழில் தொடங்கும் எண்ணத்தோடு வருபவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் மனத்துக்குள் ஒரு கணக்கைப் போட்டுவிடுகிறார். யாருக்கும் வேண்டாத முள், அரசே அகற்றச் சொல்லும் மரம், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், நின்று எரியும். இதைச் சில்லுகளாக்கியோ, பிரிக்கெட் எனும் எரிகட்டியாக அழுத்தியோ, கரியாக்கியோ, மின்சாரமாக்கியோ விற்றால் லாபம் வராமலா போகும்? இந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் உண்மை. ஆனால் மரம் கண்ணுக்குத் தெரிவதையும், அந்த மரம் ஆலை வாசலுக்கு ஆண்டு முழுவதும் கட்டுப்படியாகும் விலையில் வந்து சேருவதையும் ஒன்றாகக் கருதிவிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. பின்னால் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிழையின் கிளைகளே.

முதல் தவறு, முள் சும்மா கிடக்கிறது என்று நம்புவது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இந்த மரத்தைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாக ஒரு பொருளாதாரம் இயங்கி வருகிறது. பட்டா நிலத்து மரத்தைக் குத்தகைக்கு எடுப்பவர், வெட்டும் ஆட்களைக் கூட்டி வரும் மேஸ்திரி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர், லாரியில் ஏற்றிச் செங்கல் சூளைக்கும் சாயப் பட்டறைக் கொதிகலனுக்கும் அனுப்பும் விறகு வியாபாரி என்று அந்த வரிசை நீளமானது. மண் மூட்டத்தில் ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகு செல்லும். அத்தனை விறகைக் கரைத்த பிறகும் அந்தத் தொழில் நடக்கிறதென்றால், விறகுக்கு ஏற்கெனவே ஒரு விலை இருக்கிறது என்றுதான் பொருள். புதிய ஆலை இந்தச் சந்தைக்குள் பெரிய வாயோடு நுழையும் நாளில் அந்த விலை ஏறும். திட்ட அறிக்கையில் எழுதப்படும் விலையோ, ஆலை வருவதற்கு முன்பு விசாரித்த விலையாகவே இருக்கும்.

எவ்வளவு பெரிய வாய் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. விறகால் இயங்கும் மின்நிலையம் ஒரு யூனிட் உற்பத்திக்கு ஏறத்தாழ 1.3 கிலோ எரிபொருளைத் தின்னும். 10 மெகாவாட் நிலையம் ஒன்று தன் திறனில் 80 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 7 கோடி யூனிட் வரும். அதற்கு ஏறத்தாழ 91,000 டன் விறகு வேண்டும். நாளொன்றுக்கு 250 டன், அதாவது பத்து டன் ஏற்றும் லாரியில் 25 நடை, பொங்கலன்றும் தீபாவளியன்றும் சேர்த்து. விறகு டன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு 3.90 ரூபாய். நிலையம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கே பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால் விற்கும் யூனிட்டுக்கு 4.33 ரூபாய். விறகு டன்னுக்கு ஆயிரம் ரூபாய் கூடிவிட்டால் அதுவே 5.78 ரூபாய் ஆகிவிடுகிறது. கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிய மின் கட்டணமோ விறகுக் கடையின் விலைப் பலகையைப் பார்த்து மாறுவதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் பல இடையிலேயே நின்றுபோனதற்கு இயந்திரக் கோளாறைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கலுமன்று. மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு எரிபொருள் உருளைகளான பெல்லட்டுகளை உலகிலேயே அதிகம் தயாரித்து வந்த அமெரிக்க நிறுவனமான என்விவா, 2024 மார்ச்சில் கடன்காரர்களிடமிருந்து திவால் சட்டப் பாதுகாப்பு கோரியது. நீண்டகால ஒப்பந்தங்களில் ஒப்புக்கொண்ட விலைக்கும் உண்மையான உற்பத்திச் செலவுக்கும் பொருந்தாமல் போனது அதன் சரிவுக்கான காரணங்களில் ஒன்று. விற்பனை விலையைப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டுவிட்டு வாங்கும் விலையைச் சந்தையில் அவிழ்த்து விடுவதைக் காட்டிலும் ஆபத்தான ஏற்பாடு இத்தொழிலில் இல்லை.

இரண்டாவது தவறு ஈரத்தைப் பற்றியது. என் கருத்தில் சிறு ஆலைகளைச் சாகடிப்பது இதுதான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை நீராக இருக்கலாம். பாதி ஈரமுள்ள விறகு கிலோவுக்கு 1,900 கிலோகலோரி அளவிலேயே பயனுள்ள வெப்பம் தரும். ஈரம் 20 சதவீதமாக இறங்கியதும் அதே மரம் 3,400 கிலோகலோரி வரை தரும். ஒரு டன் பச்சை விறகு அந்த அளவுக்குக் காய்ந்தால் எடைமேடையில் 625 கிலோதான் காட்டும். எடைக்குக் காசு கொடுத்து வாங்குபவர், ஈரத்தை அளக்காமல் வாங்கினால், தண்ணீரை விறகு விலைக்கு வாங்கி, லாரி வாடகை கொடுத்து ஏற்றிவந்து, அதை ஆவியாக்க மேலும் விறகு எரிக்கிறார். விற்பவருக்கும் இது தெரியும். வெட்டிய அன்றே ஏற்றிவிட வேண்டும் என்று அவர் அவசரப்படுவது அதனால்தான். ஈரத்துக்கு ஏற்ப விலை குறையும் என்ற விதியை முதல் லோடிலிருந்தே நடைமுறைப்படுத்தாதவர், பழகிப்போன வியாபாரிகளிடம் ஆறு மாதம் கழித்து அதைப் புகுத்த முடியாது.

ஈரத்தோடு மண்ணும் வரும். பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கிய தூரில் ஒட்டியிருக்கும் களிமண், சில்லுவெட்டும் இயந்திரத்தின் கத்தியை மழுக்கும், சாம்பலின் அளவைக் கூட்டும். சுத்தமான மரத்தின் சாம்பல் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது. பட்டையும் இலையும் மண்ணும் சேரச் சேர அது பல மடங்காகி, உருகி, கொதிகலன் குழாய்களில் படிந்து இறுகிக்கொள்ளும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது நல்ல கட்டையாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்புவது மனித இயல்பு. அந்த ஆய்வறிக்கையை நம்பிக் கொதிகலன் வாங்குவது தவறு.

மூன்றாவதாக, மழை. தென் மாவட்டங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கண்மாயில் நீர் நிற்கும். கரிசல் மண்ணில் லாரி இறங்காது. வெட்டும் ஆட்கள் தங்கள் வயல் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆக, அந்த மூன்று மாதத்துக்கான விறகைக் கோடையிலேயே வாங்கிக் காயவைத்து அடுக்கியிருக்க வேண்டும். இதற்கு இடமும் கூரையும் மட்டுமல்ல, மூன்று மாத எரிபொருளில் முடங்கிக் கிடக்கும் நடைமுறை மூலதனமும் வேண்டும். இதைப் பல திட்ட அறிக்கைகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சேமிக்கும்போது சில்லுகளாக வெட்டிக் குவிப்பதும் தவறு. ஈரச் சில்லுக் குவியல் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடித்து எடையை இழக்கும். சில வேளைகளில் தானாகவே தீப்பற்றும். கட்டையாக அடுக்கி வைத்து, எரிக்கும் வாரத்தில் வெட்டிக்கொள்வதே உத்தமம்.

தூரத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும். முள்கிளை லாரியில் எடையால் நிறைவதில்லை, இடத்தால் நிறைகிறது. பத்து டன் லாரி நான்கு டன் கிளையோடு ததும்பி நிற்கும். வாடகையோ முழு லாரிக்கு. வரைபடத்தில் 100 கிலோமீட்டர் வட்டம் வரைந்து, அதற்குள் இருக்கும் மரமெல்லாம் நமக்குத்தான் என்று காட்டும் அறிக்கையை வங்கி ஏற்கலாம். டீசல் விலை ஏற்காது.

இனி, மரம் யாருடையது என்ற கேள்வி. ஒரே மாதிரி தெரியும் நான்கு முள்காடுகளில் ஒன்று பட்டா நிலமாக இருக்கும், ஒன்று வருவாய்த் துறைப் புறம்போக்காக இருக்கும், ஒன்று கண்மாயாக இருக்கும், ஒன்று காப்புக்காடாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு அதிகாரி, வேறு ஏலமுறை, வேறு அனுமதி. காப்புக்காட்டில் தனியார் கை வைப்பதற்கு இடமே இல்லை என்று தொடக்கத்திலேயே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. கண்மாய்களில் இன்னொரு கண்ணி உண்டு. சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை நட்ட நாட்டுக் கருவேலமும் அதே நீர்ப்பிடிப்பில் நிற்கும். அதன் பூ உருண்டையான மஞ்சள் பந்து. காய் மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காய் ஏறத்தாழ நேரானது. மேஸ்திரியின் ஆட்கள் வேறுபாடு அறிந்தும் இரண்டையும் சேர்த்து வெட்டி ஏற்றினால், வழக்கு மேஸ்திரியோடு நிற்காது. வாங்கியவர் வரை வரும்.

சட்டத்தைவிடச் சிக்கலானது கொள்கையின் திசை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டது. சில மாதங்களில் அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதன் நோக்கம் வேரோடு அகற்றி மண்ணின் மரங்களை மீட்பது. விறகுத் தொழிலுக்கு வேண்டியதோ, வெட்டிய மரம் மூன்று நான்கு ஆண்டில் மறுபடி துளிர்த்து வெட்டுக்கு வருவது. அரசு வெற்றி பெற்றால் உங்கள் மூலப்பொருள் தீரும். தோற்றால் உங்கள் தொழில் நீடிக்கும். இந்த முரணை மறைத்துவிட்டு 'சுற்றுச்சூழலுக்குச் சேவை', 'என்றும் தீராத எரிபொருள்' என்ற இரண்டையும் ஒரே விளம்பரத்தில் எழுதுபவர்கள் உண்டு. அவற்றில் ஏதேனும் ஒன்றைத்தான் எழுத முடியும். அகற்றும் ஒப்பந்தத்தை நம்புபவர் ஐந்தாறு ஆண்டில் முதலீட்டை மீட்கக்கூடிய, இடம் மாற்றக்கூடிய சிறு இயந்திரங்களோடு நிற்க வேண்டும். இருபது ஆண்டுத் திட்டம் போடுபவர் விவசாயிகளோடு சவுக்கு, மலைவேம்பு ஒப்பந்தச் சாகுபடிக்குப் போக வேண்டும். அங்கே அதே மரத்துக்குக் காகித ஆலைகள் போட்டியாக நிற்கும்.

நீலகிரி, சத்தியமங்கலம் மலைகளின் உண்ணிச்செடியைக் குறிவைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கூடுதலாகப் புலிகள் காப்பகக் கட்டுப்பாடுகளும், வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளுக்குள்ள உரிமைகளும் இருக்கின்றன. அதே மலைகளில் பரவிய இன்னொரு அயல் மரமான, மஞ்சள் பூப்பூக்கும் சென்னாவை அகற்றிக் காகிதக் கூழுக்குப் பயன்படுத்தும் பணி அரசு நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குத்தான் தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மரத்திலிருந்து திரவ எரிபொருள் எடுக்கலாம் என்ற ஆசையில் கரைந்த பணம் இவை எல்லாவற்றையும் விஞ்சும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரச்சில்லிலிருந்து எத்தனால் எடுக்க 2007இல் கட்டத் தொடங்கிய ரேஞ்ச் ஃப்யூயல்ஸ் ஆலை, அரசு மானியம் பெற்றும் 2011இல் மூடப்பட்டது. மிசிசிப்பியில் பைன் மரத்திலிருந்து எண்ணெய் எடுக்க முயன்ற கியோர் நிறுவனம் 2014இல் திவாலானது. நம் நாட்டில் காட்டாமணக்கு நினைவிருக்கும்: தரிசில் நட்டால் டீசல் காய்க்கும் என்று ஆசை காட்டப்பட்டது, 2009 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலப்பதை இலக்காக வைத்தது. தண்ணீரும் எருவும் இல்லாத தரிசில் செடி பிழைத்தது, காய்க்கவில்லை.

ஓடுகின்ற ஆலைகளின் அடிப்படை வேறு. பின்லாந்தின் லாப்பென்ராந்தாவில் யுபிஎம் நிறுவனம் 2015 முதல் டீசல் எடுப்பது மரத்தை வெட்டி அல்ல, காகிதக்கூழ் ஆலையில் ஏற்கெனவே மிஞ்சும் பிசின் எண்ணெயிலிருந்து. அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட மூங்கில் எத்தனால் ஆலைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் பச்சை மூங்கில் வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் எத்தனால் ஏறத்தாழ 49,000 டன். பத்துக்கு ஒன்று. பொதுத்துறை எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனம் பின்னால் நிற்க, ஃபர்ஃப்யூரால் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற துணைப் பொருள்களும் விற்க, அந்தக் கணக்கு நிற்கலாம். ஐந்து கோடி ரூபாய் முதலோடு வருபவருக்கு நிற்காது.

அப்படியானால் வாய்ப்பு எங்கே? பெரும்பாலும் வெப்பத்தில். ஃபர்னஸ் ஆயில் எனும் கனமான கொதிகலன் எண்ணெயோ எல்பிஜியோ எரிக்கும் சாயப்பட்டறை, உணவுப் பதப்படுத்தும் ஆலை, பெரிய சமையற்கூடம் ஆகியவற்றுக்கு, காய்ந்த, ஒரே அளவான சில்லையோ பிரிக்கெட்டையோ வழங்குவதில். ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயிலின் இடத்தை மூன்று கிலோ காய்ந்த விறகு நிரப்பும் என்பதால், அங்கே உங்கள் விலை மின்வாரியக் கட்டணத்தோடு அல்லாமல் எண்ணெய் விலையோடு ஒப்பிடப்படுகிறது. அனல் மின்நிலையங்களுக்குப் பெல்லட் வழங்குவதையும் பலர் பேசுகிறார்கள். நிலக்கரியோடு 5 சதவீதம் கலக்கும் 2021ஆம் ஆண்டு மத்திய அரசுக் கொள்கை வேளாண் கழிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், மரப் பெல்லட்டை ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு டெண்டரிலும் வரிவரியாகப் படித்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

அந்த முன்பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இன்னொன்று உண்டு. ஒரு ஈரமானி வாங்கிக்கொண்டு, நீங்கள் ஆலை வைக்க நினைக்கும் ஊரின் எடைமேடையில் பத்து நாள், மழைக்காலத்தில் ஐந்தும் கோடையில் ஐந்துமாக, வருகிற விறகு லாரிகளை அளந்து எழுதுங்கள்: எந்த ஊரிலிருந்து, யார் நிலத்திலிருந்து, எவ்வளவு ஈரத்தோடு, எங்கே போகிறது என்று. மழைக்கால ஐந்து நாளில் எத்தனை லாரி வந்தது என்ற எண்ணே உங்கள் ஆலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைச் சொல்லும்.