பழைய ஏஎம்4 கூலரை ஏஎம்5 போர்டில் மாட்டுவது எப்படி

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் பிராசஸரான ரைசன் 5 7600எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. கையில் அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட் காலத்து டவர் கூலர் நல்ல நிலையில் இருந்தால் புதுசுக்குக் காசு போடும் முன் அதையே மறுபடி போட்டுப் பாருங்கள். அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் லேசில் கெட்டுப்போகாது, ஃபேன் சத்தம் போட்டால் ஃபேனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது அது போர்டை எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான், எத்தனை வாட் தாங்கும் என்பதெல்லாம் அப்புறம். ஏஎம்4, ஏஎம்5 இரண்டிலும் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி ஒன்றே. ஆனால் ஏஎம்4 போர்டில் அந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பின்பக்கத்தில் ஸ்க்ரூக்களைத் தாங்கும் தகடான பேக்பிளேட் கையோடு வந்துவிடும், ஏஎம்5-இல் சாக்கெட்டின் இரும்புச் சட்டமும் அதே பேக்பிளேட்டில்தான் முடுக்கப்பட்டிருக்கிறது, அதனால் அது வராது, கழற்றவும் கூடாது. ஆகவே போர்டோடு வந்த பேக்பிளேட்டிலேயே மேலிருந்து முடுக்கும் கூலரும், இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் கொக்கிகளில் மாட்டும் ரெய்த் பிரிசம் போன்றதும் அப்படியே உட்காரும். தனக்கென்று சொந்த பேக்பிளேட் கொண்டுவந்த கூலர் உட்காராது, அதற்குத் தயாரிப்பாளர் ஏஎம்5 கிட் தருகிறாரா என்று பாருங்கள்.

கழற்றும்போது அவசரமே வேண்டாம். ஏஎம்4 பிராசஸருக்கு அடியில் ஊசிக் கால்கள், கூலருக்கும் அதற்கும் இடையில் வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால் நேராக இழுக்கும்போது சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தியபின் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள், பிடி விட்டதும் தூக்கலாம்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். புது பிராசஸரின் மூடியில் ஓரங்களில் வெட்டு விட்டிருக்கும், பேஸ்ட்டை நடுவில் அளவாக வைத்தால் போதும். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று வீதம் முடுக்குங்கள்.

சரி, வெப்பம்? 7600எக்ஸ் 95 டிகிரி வரை போவது ஏஎம்டி வகுத்ததுதான், பயப்பட வேண்டாம். அதன் டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு, 105 வாட், உச்சத்தில் 142 வாட் வரை இழுக்கும். சின்னக் கூலர் என்றால் பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் எக்கோ மோடை 65 வாட்டுக்கு வையுங்கள், கேம்களில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 170 வாட் 7950எக்ஸுக்கு மட்டும் பழைய சின்ன டவரை நம்பாதீர்கள்.

இன்டெல் பக்கம் கதை வேறு. எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் 75 மில்லிமீட்டராக இருந்த துளை இடைவெளி அடுத்து வந்த எல்ஜிஏ 1700-இல் 78 ஆனது, பிராசஸரின் உயரமும் குறைந்தது. சில போர்டுகளில் இரண்டு வகைத் துளையும் இருக்கிறதே என்று கூலரைப் பிடிக்கும் பழைய பிராக்கெட்டை மாட்டினால் அழுத்தம் போதாமல் போகலாம். 1700-க்கான பிராக்கெட்டை வாங்கிவிடுங்கள், நாக்டுவா தன் பழைய மாடல்கள் பலவற்றுக்கு பில்லைக் காட்டினால் இலவசமாகவே அனுப்புகிறது.