ஐஆர் ஃபிளேம் டிடெக்டர்: எங்கே மாட்டுவது, எப்படி செட் செய்வது

தீச்சுடரை அதன் அகச்சிவப்புக் கதிரை (ஐஆர்) வைத்துக் கண்டுபிடிக்கும் ஃபிளேம் டிடெக்டர் மாட்டப் போகிறோம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது ஒயரிங்கைத்தான். எந்த டெர்மினலில் எது வரும், ரிலேவா மில்லி ஆம்பியரா, கேபிள் எத்தனை கோர். அதெல்லாம் மேனுவலில் படம் போட்டே இருக்கிறது. எந்த இடத்தில், எந்த உயரத்தில், எதைப் பார்த்து மாட்டுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதில் கோட்டை விட்டால் பேனலில் பச்சை விளக்கு வருடக்கணக்கில் நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும், தீ பிடிக்கும் இடம் மட்டும் அதன் கண்ணில் படாது. அதனால் இடத்தைப் பற்றி நிறையவும் ஒயரிங்கைப் பற்றிக் கொஞ்சமாகவும் எழுதுகிறேன்.

முதலில் அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வோம். பெட்ரோல், டீசல், எல்பிஜி, மீத்தேன், ஆல்கஹால் என்று கார்பன் உள்ள எது எரிந்தாலும் சூடான கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அந்த வாயு 4.3, 4.4 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிப் பலமாகக் கதிர்வீசும். வெயிலில் இருக்கும் அதே அலைநீளப் பட்டையைக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வழியிலேயே உறிஞ்சிவிடுவதால், சூரியனால் வரும் தொல்லை இங்கே குறைவு. இப்போது ஆலைகளில் அதிகம் மாட்டப்படும் ஐஆர்3 வகையில் மூன்று சென்சார்கள் இருக்கும். ஒன்று தீயின் பட்டையைப் பார்க்கும். மற்ற இரண்டும் பக்கத்துப் பட்டைகளைப் பார்க்கும். சூடான இரும்பு எல்லாப் பட்டையிலும் பரவலாகக் கதிர்வீசும், தீ ஒரு பட்டையில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இந்த விகிதத்தோடு, சுடர் நொடிக்குச் சில தடவை துடிக்கும் துடிப்பும் சேர்ந்தால்தான் டிடெக்டர் அதைத் தீ என்று எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் கார்பன் இல்லாத தீ? ஹைட்ரஜன், கந்தகம், மெக்னீசியம் மாதிரி உலோகங்கள் எரிந்தால் இந்த வகை டிடெக்டருக்கு ஒன்றும் தெரியாது. ஹைட்ரஜன் இருக்கும் இடத்துக்கு, எரியும்போது உண்டாகும் சூடான நீராவியின் பட்டையைப் பார்க்கும்படி செய்த மாடல் வேண்டும், இல்லையென்றால் புற ஊதாக் கதிரைப் பார்க்கும் யுவி வகை. ஆர்டர் போடும் முன்பே அந்தப் பகுதியில் என்னென்ன எரியக்கூடும் என்ற பட்டியலை பிராசஸ் ஆட்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையில் 'எல்லாம் ஆயில்தான்' என்பார்கள். ஆயில் லைனுக்குப் பக்கத்திலேயே ஹைட்ரஜன் லைன் போகும்.

இன்னொன்று, சாதாரணக் கண்ணாடி 4.3 மைக்ரானைக் கடத்தாது. டிடெக்டரின் சொந்த ஜன்னல் சஃபையர் என்பதால்தான் அதற்குப் பார்வை கிடைக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டிடெக்டரையும் அந்தப் பக்கம் பம்பையும் வைத்திருக்கும் அமைப்பை நான் பார்த்திருக்கிறேன். நம் கண்ணுக்கு பம்ப் பளிச்சென்று தெரிகிறது, டிடெக்டருக்கு அது சுவர். அக்ரிலிக், பாலிகார்பனேட் ஷீட்டும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படியும் தண்ணீர்ப் படலமும் பனிப்படலமும் ஐஆரை நன்றாக உறிஞ்சும். ஹீட்டர் வைத்திருப்பதும், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டச் சொல்வதும் இதனால்தான்.

இடம் பார்ப்பது

கேட்டலாக்கில் '60 மீட்டர்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த எண் 0.1 சதுர மீட்டர் தட்டில் என்-ஹெப்டேன் எரியும்போது, நேர் எதிரே, உச்ச சென்சிடிவிட்டியில் கிடைத்தது. டீசலுக்கு இது குறையும். மெத்தனாலுக்கும் மீத்தேனுக்கும் இன்னும் குறையும். உங்கள் எரிபொருளுக்கு எவ்வளவு என்ற அட்டவணை மேனுவலின் உள்ளே எங்கேயாவது இருக்கும், தேடி எடுங்கள். பக்கவாட்டிலும் அதே தூரம் கிடைக்காது. பார்வைக் கோணம் 90 டிகிரி என்றால் ஓரத்தில் தூரம் ஏறக்குறைய பாதிக்குக்கூட இறங்கலாம். ஆகவே வரைபடத்தில் 60 மீட்டர் முக்கோணம் வரைந்து எல்லாவற்றையும் அதற்குள் அடக்குவது கணக்கே இல்லை. பூவிதழ் மாதிரி ஓரம் குறுகிய ஒரு வடிவம் மேனுவலில் இருக்கும், அதைத்தான் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

தூரத்துக்கும் தீயின் அளவுக்கும் உள்ள கணக்கு எளிது. தூரம் இரண்டு மடங்கானால், அதே சிக்னல் கிடைக்க நாலு மடங்கு பரப்புள்ள தீ வேண்டும். திருப்பிச் சொன்னால், 60 மீட்டரில் 0.1 சதுர மீட்டர் தீயைப் பிடிக்கும் டிடெக்டர், 30 மீட்டரில் அதில் கால் பங்கை, அதாவது ஒரு பக்கம் 16 சென்டிமீட்டர் உள்ள தட்டுத் தீயையே பிடித்துவிடும். நான் 'எவ்வளவு தூரம் எட்டும்' என்று ஆரம்பிப்பதில்லை. 'எவ்வளவு சின்னத் தீயில் அலாரம் வேண்டும்' என்று கேட்டு, அதிலிருந்து தூரத்துக்கு வருவேன். பம்ப் சீல் கசிந்து பிடிக்கும் தீயும் டேங்க்கைச் சுற்றிக் கட்டிய டைக் கரைக்குள் பிடிக்கும் தீயும் ஒன்றல்ல.

வரைபடம் முடிந்ததும் இடத்துக்குப் போங்கள். ஏணியில் ஏறி, பிராக்கெட் வரப்போகும் அதே இடத்தில் தலையை வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத கேபிள் டிரே, பின்னால் சேர்த்த பைப், சுருட்டி மாட்டிய ஹோஸ் ரீல் எல்லாம் அப்போதுதான் தெரியும். நான் லேசர் பாயின்டர் ஒன்றையும் கூட ஒரு ஆளையும் வைத்துக்கொள்வேன். ஆபத்துப் பகுதி என்றால் லேசருக்கும் பெர்மிட் வேண்டும், கிடைக்காத இடத்தில் நீளமான நூல்தான். அந்த ஆள் ஒரு வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு தீ பிடிக்கக்கூடிய ஒவ்வொரு இடமாகப் போவார்: பம்ப் சீல், பைப்புகள் இணையும் ஃபிளேஞ்ச், டிரெயின் வால்வு, சாம்பிள் பாயின்ட். லேசர் புள்ளி அட்டையில் விழுந்தால் சரி. வழியில் பைப்பில் பட்டு நின்றால் அந்த இடத்துக்கு வரைபடத்தில் ஒரு குறுக்குக் கோடு. இரண்டு எதிர் மூலைகளிலிருந்தும் இதையே செய்து, இரண்டிலும் குறுக்குக் கோடு விழுந்த இடங்களுக்குத்தான் மூன்றாவது டிடெக்டர். பட்ஜெட் பேச்சு வரும்போது இந்தக் குறிகளைக் காட்டினால் விவாதம் சீக்கிரம் முடிகிறது.

மூலையில், உயரத்தில், கீழே பார்த்தபடி மாட்டுவதுதான் பொதுவான வழக்கம். அந்தப் பகுதியின் மிக உயரமான பொருளைத் தாண்டிப் பார்க்கும் உயரம் வேண்டும். ரொம்பவும் கூரையை ஒட்டிப் போனால் புகை முதலில் அங்கேதான் சேரும். புகையை ஐஆர் யுவியைவிட நன்றாகவே ஊடுருவும், ஆனால் கரும்புகைக்கு நடுவில் உட்கார வைத்தால் எதுவும் உதவாது. சாய்வு 20 டிகிரிக்குக் குறையாமல் நான் வைப்பேன். அடிவானமும் மிச்ச வாயுவை எரித்துவிடும் தூரத்து ஃபிளேர் ஸ்டாக்கும் பார்வைக்குள் வராமல் இருக்கவும் அது உதவும். ஃபிளேரும் நிஜத் தீதான், டிடெக்டர் அதைப் பார்த்து அலாரம் அடித்தால் டிடெக்டர் மேல் குற்றமில்லை.

பொய் அலாரம் எங்கிருந்து வரும்

வெறும் சூடு மட்டும் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. சூடும் அசைவும் சேர்ந்தால்தான் தொல்லை. கொதிக்கும் எக்ஸாஸ்ட் பைப்புக்கு முன்னால் ஃபேன் இறக்கை சுற்றினால் அந்தச் சூடு துடிப்பாக மாறிவிடுகிறது. தண்ணீர்த் தேக்கத்தின் மேல் அலையடிக்கும் வெயிலும் அதே ரகம். டீசல் ஃபோர்க்லிஃப்டின் எக்ஸாஸ்ட் சூடான கார்பன் டை ஆக்சைடுதான், லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று ரெய்ஸ் செய்தால் அது தீயின் பட்டையிலேயே வருகிறது. வெல்டிங், முன்கண்ணாடி இல்லாத ஹாலஜன் விளக்கு இரண்டுக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் அட்டவணை கொடுக்கிறார்கள். ஐஆர்3 இவற்றையெல்லாம் நன்றாகவே சமாளிக்கும். ஆனாலும் சமாளிக்கும் நேரத்தில் அதன் சென்சிடிவிட்டி குறையக்கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. இடத்தை மாற்றித் தப்பிக்க முடிந்தால் அதுதான் உத்தமம்.

ஒயரிங்

பிராக்கெட் அதிராத ஸ்டீலில் இருக்க வேண்டும், கைப்பிடிக் கம்பியில் வேண்டாம். கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். கேபிள் ஒரு தொங்கல் விட்டு மேலேறி நுழையட்டும், தண்ணீர் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத ஃபிளேம்புரூஃப் ஹவுசிங் என்றால், கேபிளை இறுக்கிப் பிடிக்க அதே சான்றிதழுள்ள கிளாண்டும், பயன்படுத்தாத துளைக்கு அதே சான்றிதழுள்ள பிளக்கும். கம்பெனியிலிருந்து டிடெக்டரோடு வரும் சிவப்பு பிளாஸ்டிக் மூடியை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது வழித்தூசிக்கு மட்டும் போட்டது. கேபிளின் ஷீல்டு பேனல் முனையில் மட்டும் எர்த் ஆகட்டும், ஹவுசிங்குக்குத் தனி எர்த். பவர் இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது.

பெரும்பாலும் பிசகுவது வோல்டேஜ் டிராப்பில். டிடெக்டருக்கு 18 முதல் 32 வோல்ட் என்று எழுதியிருக்கும், நம்மிடம் 24 இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். பேனலிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஆறு டிடெக்டர்கள், எல்லாம் ஒரே கேபிளில். ஹீட்டரோடு சேர்த்து ஒவ்வொன்றும் 200 மில்லி ஆம்பியர், மொத்தம் 1.2 ஆம்பியர். 1.5 சதுர மிமீ செம்பு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போகவர 600 மீட்டருக்கு 7.2 ஓம், டிராப் 8.6 வோல்ட். அங்கே கிடைப்பது 15.4, டிடெக்டர் முழிக்கவே முழிக்காது. 2.5 சதுர மிமீ போட்டால் டிராப் 5.3, கிடைப்பது 18.7. பாஸ் ஆனதுபோல் தெரிகிறதா? கரண்ட் போய் பேட்டரி 21 வோல்டுக்கு இறங்கட்டும், அங்கே 15.7தான் போய்ச் சேரும். அதே 2.5 அளவில் இரண்டு கேபிள் போட்டு மூன்று மூன்றாகப் பிரித்தால் டிராப் 2.7, பேட்டரியிலும் 18.3 கிடைக்கும். கோடை மதியத்தில் ஹீட்டர் ஓடாதபோது அளந்து பார்த்து 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

அவுட்புட்டைப் பொறுத்தவரை, பழுதைச் சொல்லும் ஃபால்ட் ரிலே சாதாரண நிலையில் எனர்ஜைஸ் ஆகி (கரண்ட்டில் இழுபட்டு) இருக்கும்படி விடுங்கள். கேபிள் அறுந்தாலும் பவர் போனாலும் அதுவே விழுந்து சொல்லிவிடும். மில்லி ஆம்பியரில் போனால், பல மாடல்களில் 4 என்பது நார்மல், 16 எச்சரிக்கை, 20 அலாரம், 4-க்குக் கீழே ஃபால்ட். சிக்னலை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினியில் (பிஎல்சி) இதை 0–100 சதவீதம் என்று ஸ்கேல் செய்து வைத்தால் ஃபால்ட் எல்லாம் பூஜ்யமாகத் தெரிந்து காணாமல் போகும். மில்லி ஆம்பியராகவே காட்டும்படி கேளுங்கள்.

செட்டிங்

சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைப்பது பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் காக்க வேண்டிய கடைசி ஃபிளேஞ்ச் 20 மீட்டரில் இருக்கும்போது 60 மீட்டர் வரை ஏன் எட்ட வேண்டும்? அந்த மிச்சத் தூரத்தில்தான் ரோட்டில் போகும் வண்டியும் பக்கத்து யூனிட்டின் வெல்டிங்கும் இருக்கின்றன. உங்கள் எரிபொருளுக்கு, ஓரக் கோணத்தில், கடைசி இடத்தைப் பிடிக்கும் அளவு, அதற்கு மேல் கொஞ்சம். அவ்வளவு போதும்.

டிலே எத்தனை நொடி என்பது அவுட்புட் எதை இயக்குகிறது என்பதைப் பொறுத்தது. மணி மட்டும் அடித்தால் 3 நொடியே போதும். தண்ணீரைக் கொட்டும் டெல்யூஜ் வால்வைத் திறக்கும் என்றால், டிலேயைக் கூட்டுவதைவிட இரண்டு டிடெக்டர் ஒரே நேரத்தில் பார்த்தால் திற என்று வோட்டிங் வைப்பது மேல். அதற்கு அந்த இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். அட்டை பிடித்து நடந்தோமே, அந்தக் குறிகளை இப்போது மறுபடி எடுங்கள். ரீசெட் செய்யும்வரை அலாரத்தைப் பிடித்து வைக்கும் லாட்ச்சிங்கைப் பேனலில் வைப்பதா டிடெக்டரில் வைப்பதா என்று முடிவு செய்து ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள். ஹீட்டர் ஆட்டோ. பில்ட்-இன் டெஸ்ட் எப்போதும் ஆன். அது உள்ளிருந்து ஒளியை வெளியே அனுப்பி, லென்ஸ் ஓரத்திலுள்ள சின்ன ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்புவதைப் பார்த்து ஜன்னல் சுத்தமா என்று சொல்லும்.

சோதனை

முதல் வேலை, தீயணைப்பு அமைப்பிலிருந்து தண்ணீரோ நுரையோ கார்பன் டை ஆக்சைடோ வெளியே வராதபடி கையால் அடைத்துப் பூட்டுப் போடுவது. சாஃப்ட்வேர் பைபாஸ் மட்டும் போட்டுவிட்டு டெஸ்ட் லாம்ப்பைத் தூக்கும் ஆளோடு நான் வேலை செய்ய மாட்டேன். லைட்டர், துணி கொளுத்துவது எல்லாம் வேண்டவே வேண்டாம். தீயைப் போல் ஒளி காட்டும் டெஸ்ட் லாம்ப்தான் ஃபிளேம் சிமுலேட்டர், அந்தந்த மாடலுக்கானதைத்தான் பயன்படுத்த வேண்டும், வேறு கம்பெனி சிமுலேட்டருக்கு டிடெக்டர் அசையாமல் இருந்தால் அது பழுது என்று அர்த்தமில்லை. சிமுலேட்டரின் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும். சொன்ன தூரத்தில் நின்று லென்ஸின் மையத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சரிசெய்யுங்கள். எல்இடி நிறம் மாறுவதோடு நிற்காமல், அலாரம் ரிலே மாறியதா, பேனலில் சரியான டேக் நம்பர் வந்ததா, மின்சாரத்தை நிறுத்திப் பேட்டரியில் ஓடும்போதும் வருகிறதா என்று வாக்கி டாக்கியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் லென்ஸை ஒரு அட்டையால் மூடி ஃபால்ட் வருகிறதா பாருங்கள், டெஸ்ட் சுற்று வர நேரமெடுக்கலாம், காத்திருங்கள்.

சுத்தம் செய்யத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் மென்மையான துணியும் போதும். ரிஃப்ளெக்டரையும் சேர்த்துத் துடையுங்கள். லென்ஸ் பளபளக்கிறது ஆனால் ஃபால்ட் போகவில்லை என்று வரும் புகார்களில் பாதி அந்த ரிஃப்ளெக்டர் அழுக்குதான். பெயின்ட் வேலை நடக்கும்போது மூடும் பாலித்தீன் கவருக்கு ஒரு ரெஜிஸ்டர் வையுங்கள், போட்டவர் கையெழுத்து, எடுத்தவர் கையெழுத்து. ஸ்காஃபோல்டிங், தார்ப்பாய், புதுப் பைப் எது வந்தாலும் அன்றைக்கே அட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியை மறுபடி ஒரு நடை நடந்துவிடுங்கள்.