‘இரண்டு மடங்கு ஆபத்து’ என்றால் எத்தனை பேருக்கு?

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உடல்நலப் புள்ளிவிவரம் சொல்லித்தர உட்கார்ந்தால் சூத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள், நிகழ்தகவு என்ற சொல்லையே முதல் நாள் எடுக்க வேண்டாம். ஒரு கிராஃப் தாளும் சிவப்புப் பேனாவும் போதும். தாளில் 7 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்று ஒரு பெட்டி போடச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை சின்னக் கட்டங்கள்? 70-ஐ 100-ஆல் பெருக்கி 7,000 என்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நடந்ததைச் சொல்லுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: புது வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் ஆபத்து இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றால் இந்தப் பெட்டியில் எத்தனை கட்டத்துக்குச் சிவப்பு அடிப்பாய் என்று முதலில் பிள்ளையையே ஊகிக்க விடுங்கள். பெட்டியின் மூலையில் கணிசமான இடத்தை அடிப்பவர்கள் உண்டு. அப்புறம் கணக்கைக் காட்டுங்கள். பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவர், புதியதில் இருவர். ஒரு கட்டத்தில் சிவப்பு, பக்கத்தில் இன்னொன்று, அவ்வளவுதான். தாளைக் கை நீட்டிப் பிடித்தால் அந்த இரண்டு புள்ளியையும் தேட வேண்டியிருக்கும். ஆனால் செய்தியைக் கேட்டுப் பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள், இத்தனைக்கும் கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிட அதிகம். பொய்யான எண் எதையும் யாரும் சொல்லவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். ‘எத்தனை பேரில்?’ என்பது மட்டும் விடுபட்டுப்போனது. என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வி நாக்கில் பழகினாலே பாதிப் பாடம் முடிந்தது.

இன்னும் சின்னப் பிள்ளைகள் என்றால் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னதை எடுக்கலாம்: பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும். 100 பேரில் 5 பேருக்கு எப்படியும் வரும் என்று வைத்துக்கொண்டால், 18% கூடி ஏறக்குறைய 6 ஆகிறது. புகையிலை இருக்கும் அதே பட்டியலில்தான் இதையும் வைத்தார்கள், உடனே ‘சாசேஜும் சிகரெட்டும் ஒன்று’ என்று தலைப்புகள் வந்தன. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பது வேறு கேள்வி.

அடுத்தது பரிசோதனை முடிவு. இதில் பெரியவர்களே சறுக்குவார்கள், அதனால் நிதானமாகப் போங்கள். 1,000 பேர், அதில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. பரிசோதனை அந்த 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும், ஆனால் நோய் இல்லாதவர்களில் 100-க்கு 9 பேரையும் தவறாக ‘இருக்கிறது’ என்று சொல்லும். ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ வந்திருக்கிறது, உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 90% என்று கை தூக்குவார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். நோய் இல்லாத 990 பேரில் தவறாக மாட்டுபவர்கள் சுமார் 89, சரியாக மாட்டியவர்கள் 9, மொத்தம் 98. அந்த 98 பேரில் 9 பேருக்குத்தான் நோய். அப்படியானால் பரிசோதனை வீண் என்று யாராவது சொல்வார்கள், அதை அப்படியே விடாதீர்கள். 100-இல் ஒருவருக்கு என்றிருந்த சந்தேகம் 11-இல் ஒருவருக்கு என்று வந்திருக்கிறது, அடுத்த பரிசோதனையை யாருக்குச் செய்வது என்று தெரிந்திருக்கிறது.

சராசரி, இடைநிலை பற்றிப் பேச ஸ்டீஃபன் ஜே கூல்டின் கதை நல்லது. தொல்லுயிரியலாளரான அவருக்கு 1982-இல் ஓர் அரிய புற்றுநோய் என்று தெரிந்தது, அந்த நோய்க்கு ஆயுளின் இடைநிலை 8 மாதம் என்று எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் 8 மாதத்துக்குள் இறந்தார்கள் என்றால் மீதிப் பாதி அதற்கு மேல் இருந்தார்கள், எவ்வளவு மேல் என்று அந்த எண் சொல்லவே இல்லை. அவர் இன்னும் 20 ஆண்டு வாழ்ந்தார், 2002-இல் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

நடுவில் சொந்தமாக எதையாவது அளக்க விடுங்கள். எடை மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த வயதில் அது காயப்படுத்தும். நாடித்துடிப்பு போதும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்க வேண்டும், மூன்று தடவை. ஒரே மணிக்கட்டில் 72, 76, 68 என்று வரும், ‘எது சரி?’ என்று கேட்பார்கள். ஒரு துடிப்பை எண்ணத் தவறினால் விடையில் 4 குறைகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். அளவெடுத்த எண்ணுக்குள்ளும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பது அப்படித்தான் உறைக்கும்.

ஆய்வு என்றதும் எத்தனை பேரை வைத்து என்று கேட்கப் பழக்குங்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்று 1998-இல் கிளம்பிய பீதிக்கு அடிப்படையான கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள். அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது.

இவ்வளவும் ஆனபின் ‘எல்லாப் புள்ளிவிவரமும் ஏமாற்று’ என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். எனக்கு அதுதான் பெரிய கவலை, அவநம்பிக்கையோடு அவர்களை அனுப்பிவிடக் கூடாது. அங்கே புகைப்பழக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் டாலையும் பிராட்ஃபோர்ட் ஹில்லையும் கொண்டுவாருங்கள். 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, யார் எப்போது எதனால் இறந்தார்கள் என்று 2001 வரை, 50 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு அது. விடாமல் புகைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அந்தப் பழக்கமே கொன்றது என்று அதில் தெரிந்தது.

அதே அளவில் இன்னொரு பெட்டி போடச் சொல்லுங்கள். இந்தத் தடவை 3,500 கட்டத்துக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.